உப்பில்லாக் கஞ்சி

அம்மா உப்பு தின்பதை நிறுத்தியபோது எனக்கு ஏழு வயது இருக்கும். பெரியவர்கள் ஆனால் உப்பு வேண்டியதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்பா உப்பு போட்டுத்தான் தின்றார். அவர் இன்னும் பெரியவர் ஆகவில்லை என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர்த் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் ஊரிலிருந்து கப்பலேறி வந்து நாங்கள் அங்கே வேலை செய்தோம். ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்கினார்கள். லயம் என்கிற கூலிகளின் வரிசை வீட்டில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். தவழ ஆரம்பித்த சமயத்தில் காய்ச்சல் கண்டது. அம்மா தோட்டத்து மாரியம்மனிடம் போனாள். பிள்ளை பிழைக்கட்டும், அதுவரைக்கும் நான் உப்பு தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அம்மா வேண்டுதலை விடவும் இல்லை. பக்கத்து அறைச் சின்னம்மா, இனி எதற்கு என்று கேட்டாளாம். "இருக்கிற ஒண்ணையாவது ஆத்தா விட்டு வைக்கணும்ல" என்றாளாம் அம்மா. இதெல்லாம் எனக்குக் கல்யாணம் ஆன பிறகு சின்னம்மா சொன்னது.

தம்பியைப் புதைத்த அன்று அம்மா அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தூங்கவும் இல்லை. மூன்றாம் நாள் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் டிரசர் ஐயாவைக் கூட்டிவந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியை அவர்தான் பார்த்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர். காலில் சப்பாத்து, கையில் எப்போதும் குடை. அம்மாவின் நாடியைப் பார்த்துவிட்டு ஒரு புட்டி மருந்து கொடுத்தார். புட்டியின் பக்கத்தில் வெட்டு வெட்டாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். ஒரு வெட்டு அளவுக்கு ஒரு வேளை. அம்மா குடித்தாள், தூங்கினாள். அப்பாவுக்கு நிம்மதி.

புட்டி தீர்ந்தால் நான்தான் எடுத்துக்கொண்டு போவேன். ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல்காரர்கள் போர்வையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். டிரசர் ஐயா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஊற்றிக் கொடுப்பார். வழியில் தக்கையை நக்கிப் பார்த்திருக்கிறேன். உப்புக் கரிக்கும்.

முதலில் சாயங்காலம் ஒரு வெட்டு. பிறகு காலையிலும். பிறகு காகிதம் எதற்கு ஒட்டியிருக்கிறது என்பதே மறந்துபோனது. புட்டி சீக்கிரம் தீர்ந்தது.

"கேட்டா, சாஞ்சு கொட்டிடுச்சுன்னு சொல்லு கண்ணு" என்று அம்மா சொல்லி அனுப்புவாள்.

நானும் சொன்னேன். டிரசர் ஐயா சிரித்தார். "உங்கட வீட்டுப் புட்டி நெடுகச் சாயுது. ஒரு கயிறு போட்டுக் கட்டி வையுங்கோ" என்றார். சொல்லிவிட்டு ஊற்றினார்.

அம்மா மாறிக்கொண்டே வந்தாள். பேச்சு குழறியது. என் பெயரைக் கூப்பிட ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிடுவாள். நடக்கும்போது கால் பின்னியது. முகத்திலும் தோளிலும் பரு பருவாகக் கிளம்பியது. லயத்தில் இரண்டு கட்சி ஆனது. ஒரு கட்சி அம்மை என்றது. வாசலில் வேப்பிலை கட்டச் சொன்னது. இன்னொரு கட்சி கள்ளு என்றது. அப்பா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து வாயை மோந்து பார்ப்பார். வாடை இருக்காது. எழுந்து போய்விடுவார்.

ரப்பர்க் காட்டில்தான் ஆபத்து வந்தது. பால்மரத்துப் பட்டையை வழித்தாற்போல் வெட்ட வேண்டும். ஆழம் போனால் கட்டையில் காயம் படும், மரம் கெடும். அம்மா அதுவரை கைசுத்தமான வெட்டுக்காரி. இப்போது அவள் நிரையில் மரத்துக்கு மரம் காயம். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நல்ல மனுஷன், வாய்தான் சும்மா இருக்காது.

"ஏம்மா, பால் வெட்டச் சொன்னா வெறகு வெட்டுறியே. ஊட்டுல அடுப்பு எரியலியா?"

இரண்டாம் தடவை அவர் கேலி பண்ணவில்லை. அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தொரை பாத்துட்டாருப்பா. கள்ளு குடிச்சிட்டு வர்றாளான்னு டிரசரு பாத்துச் சொல்லணுமாம். ஆமான்னு சொன்னா ஒன் குடும்பத்துக்கே பத்துச்சீட்டு."

பத்துச்சீட்டு கிழித்தால் லயத்தை விட்டு இறங்கிவிட வேண்டும். வேறு தோட்டத்தில், கள்ளுக்காரி என்று பெயர் வாங்கியவளைச் சேர்க்கமாட்டார்கள். அப்பா தலையாட்டிவிட்டு வந்து கத்தியைத் தீட்ட உட்கார்ந்தார். அது ஏற்கெனவே தீட்டிய கத்தி.

மறுநாள் பகலில் டிரசர் ஐயா வந்தார். வாசலில் குடையை மடக்கினார். அம்மாவின் வாயை மோந்தார். கண்ணை விரித்துப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். கை ஆடியது. பருக்களைப் பார்த்தார். 

"அந்தப் புட்டி எங்கை?"

நான் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"இதை இன்னும் குடிக்கிறியோ? நான் ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கெல்லோ தந்தனான்! ஆர் உன்னை நெடுகக் குடிக்கச் சொன்னது?"

அம்மா நிதானமாக, நாக்கைப் புரட்டிப் புரட்டிச் சொன்னாள். "நீங்கதான்யா."

"நானோ?"

"தெனம் காலையில பெரட்டுல சொல்றீங்களே. ஒரு நாளும் உடாதீங்க, உட்டா செத்துப்போவீங்கன்னு."

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அங்கே காய்ச்சலுக்குக் கொய்னாத் தண்ணி கொடுப்பார்கள். டிரசர் ஐயா வரிசையோடு நடந்துபோய் ஒவ்வொரு வாயிலும் ஊற்றி, விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். ஊற்றிக்கொண்டே இதைத்தான் கத்துவார். தோட்டம் முழுக்க அவர் மாதிரியே கத்திக் காட்டும். ஆஸ்பத்திரி மருந்து என்றால் விடாமல் குடிக்க வேண்டும் என்றுதான் அங்கே எல்லாரும் நினைத்தார்கள். அம்மா சொன்ன சொல் கேட்கிறவள்.

"அது கொய்னா!" என்று டிரசர் ஐயா கத்தினார். உடனே குரல் இறங்கிவிட்டது. புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் லயத்துப் படியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "ஊத்தித் தந்ததும் நான்தானே" என்று தனக்குள்ளே சொன்னார்.

துரையிடம் போய், இது கள்ளு இல்லை, மருந்து ஏறின வியாதி என்று சொன்னார். அம்மா காட்டுக்குப் போக வேண்டாம், அடுத்த பெரிய சம்பளத்துக்குள், அதாவது மாசச் சம்பள நாளுக்குள் தெளிய வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு என்று துரை சொன்னாராம். மருந்தை நிறுத்தினார்கள்.

நிறுத்தியதும் அம்மா எங்களுக்குத் தெரியாதவள் ஆனாள். தூக்கம் இல்லை. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று வெறும் சுவரைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அப்பாவைத் திட்டுவாள். என்னைக் கட்டிக்கொண்டு, "கொஞ்சூண்டு வாங்கிட்டு வா கண்ணு, ஒரு வெட்டு போதும்" என்று கெஞ்சுவாள். நான் அப்பாவைப் பார்ப்பேன். அப்பா தலையை இல்லை என்று ஆட்டுவார். நாள்கள் போயும் தெளியவில்லை. மருந்து நின்றது, மயக்கம் நிற்கவில்லை.

டிரசர் ஐயா தினமும் வந்தார். ஒருநாள் கஞ்சி நேரத்தில் வந்தார். சட்டியிலிருந்து கொஞ்சம் கையில் வாங்கிக் குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, உப்பில்லை?"

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பாதான் வேண்டுதலைச் சொன்னார். டிரசர் ஐயா அவரை வெளியே கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன்.

"இதுதான் விஷயம். நான் கேக்காமல் விட்டிட்டன். உடம்பிலை உப்புக்கெண்டு ஒரு இடம் இருக்கு. இவள் உப்பை விட்டாள். அந்த மருந்தும் உப்புச் சாதிதான், அது வந்து அந்த இடத்திலை குந்திக்கொண்டுது. உப்பு உள்ளை போனால்தான் அது எழும்பும், விளங்குதோ? நல்லா உப்பும் தண்ணியும் குடு."

"திங்கமாட்டா ஐயா."

"அவளுக்குத் தெரியாமல் கஞ்சியிலை கரைச்சுவிடு."

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று கொஞ்சம் பேசினார். "அவ சாமிக்குக் குடுத்த வாக்கு. நான் கரைச்சா அது திருட்டு. ஒண்ணு மட்டும். அந்த மருந்து உப்புச் சாதின்னு சொன்னீங்களே, அத அவகிட்ட சொல்லாதீங்க."

மருந்து கரிக்கும் என்பது எனக்கு முன்பே தெரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. ஆனாலும் நானும் சொல்லவில்லை. அம்மா சாகிறவரைக்கும் சொல்லவில்லை.

அப்பா பூசாரியிடம் போனார். பூசாரியும் எங்களைப்போல் மரம் வெட்டுகிறவர்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் பூசாரி. அப்பா எல்லாவற்றையும் சொன்னார். பூசாரி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.

"ஒடம்புல பரு கண்டா ஆத்தாளுக்கு உப்பும் மொளகும் கொட்டுறது வழக்கந்தானே. ஒம் பொஞ்சாதிக்குத்தான் பரு இருக்கே. வந்து கொட்டச் சொல்லு. கொட்டின உப்ப என்ன செய்யணும்னு அவ பாத்துக்குவா."

புக்கிட் ரோத்தானில் சீனத் தவுக்கே ஒருவரின் மளிகைக் கடை இருந்தது. கருவாடு, உப்பு எல்லாம் அங்கேதான். அப்பா நடந்துபோய் ஓர் ஓலைப் பொட்டலத்தில் கல்லுப்பு வாங்கிவந்தார்.

வெள்ளிக்கிழமை அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனோம். கோயில் என்றால் அத்தாப்பு ஓலைக் கூரை, நாலு கால். டிரசர் ஐயாவும் வந்திருந்தார். அவர்கள் வீட்டில் பெரிய படம் வைத்துத் தேவாரம் பாடுவார்கள். எங்கள் கோயில் பக்கம் வரமாட்டார். அன்று சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

அம்மா உப்பைக் கொட்டினாள். பாதி வெளியே விழுந்தது. பூசாரி தீபம் காட்டினார். திருநீறு கொடுத்தார். பிறகு குவியலிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து நீட்டினார்.

"இந்தா, வாங்கிக்க. கையைத் தட்டுனா அவளைத் தட்டுன மாதிரி."

அம்மா அந்த உப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி உப்பைப் பார்த்தாள்.  எனக்குக் கால் வலித்தது.

"எம் மவளுக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று அம்மா கேட்டாள். பூசாரியைக் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்துக் கேட்டாள்.

பூசாரிதான் பதில் சொன்னார். "அவளே குடுக்கிறா. அப்புறம் என்ன?"

அம்மா வாங்கி வாயில் போட்டாள். கன்னம் ஒரு பக்கம் துடித்தது. கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள். டிரசர் ஐயா குடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். சப்பாத்தைப் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று முதல் உப்புக் கஞ்சி, கருவாடு, பானை பானையாகத் தண்ணீர். மெதுவாகத்தான் தெளிந்தது. முதலில் எறும்பு போனது. பிறகு பரு வாடியது. ஒருநாள் என் பெயரை முழுதாகக் கூப்பிட்டாள். சும்மாதான் கூப்பிட்டாள், வேலை ஒன்றும் இல்லை. பெரிய சம்பளத்துக்கு முன்னால் மண்டோர் ஒரு மரத்தைக் காட்டி வெட்டச் சொன்னார். அம்மா வெட்டினாள். அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"வெறகு வேணாமாக்கும் இனிமே?"

"ஒங்க ஊட்டுக்கு வேணும்னா சொல்லுங்க" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பா திரும்பி நின்றுகொண்டு சிரித்தார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். சில நாள் கழித்து அம்மா காட்டிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தாள். தம்பிக்குத் தொட்டில் கட்டிய சேலை மடித்தபடியே இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அந்த மாதிரி அழுகையை நான் கேட்டதில்லை. மாரில் அடித்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். லயம் முழுக்கக் கேட்டது. சின்னம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு அவளும் அழுதாள்.

மறுபடியும் வியாதி வந்துவிட்டது என்று எனக்குப் பயம். அப்பாவைப் பார்த்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அழட்டும், அழட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவரை நம்பிப் பயனில்லை. வெறும் புட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"அம்மா அழுவுறாங்க. தம்பி பேரச் சொல்லி அழுவுறாங்க. மருந்து குடுங்க ஐயா."

டிரசர் ஐயா எழுந்து நின்றார். நின்று கேட்டார். "தம்பிக்கோ அழுறா? நல்லா அழுறாவோ?"

"ஆமா."

அவர் புட்டியை வாங்கினார். ஊற்றவில்லை. தண்ணீரில் கழுவி, பக்கத்துக் காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் புட்டியை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"மருந்து இல்லை, பிள்ளை. ஓடிப்போய் அம்மாக்குப் பக்கத்திலை இரு."

அலமாரியில் மருந்து வரிசையாக இருந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பும் இருந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க அழுகிறவளுக்கு ஒரு வெட்டு மருந்து கொடுக்க மனமில்லாத கஞ்சன் என்று, அவர் மாற்றலாகி ரவாங் பக்கம் போகிறவரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.