எனக்குச் சக்களத்தியாக வந்த ஊர்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு டிசம்பர் மாதம், சிட்னியில் பென்டில் ஹில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது இது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. முற்றத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாத வெயில். அந்த வெயிலில்தான் என் சக்களத்தியின் வீட்டிலிருந்து விருந்தாளி வந்தாள்.

சக்களத்தி என்று நான் சொல்வது ஒரு பெண்ணை அல்ல, ஜேர்மனியில் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்தை. அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னதே போதும்.

எனக்கும் என் கணவருக்கும் யாழ்ப்பாணத்தில் நிச்சயம் செய்து மோதிரமும் மாற்றியாகிவிட்டது. கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதற்குள் நாட்டு நிலைமை மோசமாகி, எண்பத்தைந்தில் இவரை ஜேர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அகதி விண்ணப்பம் போட்டவர்களை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார்களாம். இவருக்கு வாய்த்தது மலைகளுக்கு நடுவே ஒரு கிராமத்தில் மூடிக்கிடந்த பழைய விடுதி. வேலை செய்ய அனுமதி இல்லை, கேட்காமல் அந்த மாவட்டத்தைத் தாண்டவும் அனுமதி இல்லை. நாலு வருடத்துக்கு மேல் அந்த ஊரையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். அதற்குள் சிட்னியில் இருந்த என் அண்ணா ஸ்பொன்சர் செய்து நான் இங்கே வந்து, வெஸ்ட்மீட்டில் ஒரு வேலையும் எடுத்துக்கொண்டேன்.

மாதம் ஒரு கடிதம் வரும். காதல் கடிதம் என்று கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தால் உள்ளே புவியியல் பாடம் இருக்கும். ஊருக்கு வடக்கே ஊசியிலைக் காடு, தெற்குச் சரிவில் உருளைக்கிழங்கு வயல், நடுவே ஓர் ஓடை. ஓடை வளைகிற இடத்தில் தேவாலயம், அதற்குக் கீழே மாவு மில். பனி கொட்டினால் மேல்தெருவுக்கு வண்டி ஏறாது.

அடுத்த மாதம் சரித்திரம் வரும். எண்ணூறு வருடத்துக்கு முந்திய ஒரு மடத்து ஏட்டில் ஊரின் பெயர் முதல்முதலாக வருகிறதாம். முப்பது வருடம் நீண்ட ஒரு சண்டையில் ஊர் முழுக்க எரிந்து, நாலைந்து குடும்பம்தான் மிஞ்சியதாம். பிறகு ஒரு யுத்தத்தில் பீரங்கி செய்யத் தேவாலய மணியைக் கழற்றிப் போனார்களாம். பதிலுக்கு வந்த மணியின் சத்தம் சரியில்லை என்று அந்த ஊர்க் கிழவர்கள் இன்னும் குறை சொல்கிறார்களாம். அதற்குப் பிறகு கிழக்கிலிருந்து ஓடிவந்த அகதிகளை மேல்தெருவில் குடிவைத்தார்களாம். அதனால்தான் எங்கள் தமிழ்ப் பெடியன்களையும் முறைத்துப் பார்க்கவில்லையாம். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், நீர் சுகமாக இருப்பீர் என நம்புகிறேன் என்று முடிப்பார். அந்த மணிக்காக இரண்டு பக்கம் உருகிய மனிதர், எனக்காக ஒரு வரி உருகவில்லை.

தொண்ணூறில் நான் ஸ்பொன்சர் செய்து அவர் சிட்னிக்கு வந்தார், கல்யாணம் நடந்தது. அந்த ஊரும் கூடவே வந்து குடியேறிவிட்டது. இங்கத்தைப் பாணை, அந்த வெள்ளை ரொட்டியை, விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, இது பஞ்சு என்பார். பென்டில் ஹில் ஸ்டேஷனில் இறங்கி நாலு பக்கமும் பார்த்து, ஹில் எங்கே என்று கேட்டார். சாப்பாட்டு மேசையில் கரண்டிகளை வளைத்து வைத்து ஓடை ஆக்குவார். உப்புப் போத்தல் தேவாலயம், மிளகாய்த்தூள் போத்தல் மில். என் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் எந்தத் திசையில் என்று தெரியாது. ஆனால் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் பேக்கரி இருப்பது தெரியும்.

அந்தப் பேக்கரிதான் எனக்கு நெருஞ்சி முள். விடுதியில் ஹீற்றர் சரியாக வேலை செய்யாதாம், குளிர் தாங்காமல் விடியற்காலையிலேயே இவர் அங்கே போய் அடுப்படியில் நிற்பாராம். பேக்கரிக்காரருக்கு ஒரு மகள். அவளுக்கு என் வயது. அவள் நல்ல வடிவோ என்று ஒருநாள் கறிக்கு வெங்காயம் வெட்டியபடி சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வடிவுதான் என்றார். சொன்னதைக்கூட மன்னித்துவிட்டேன், யோசித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை அந்த ஊருக்குப் போய்வருவோம் என்று இவர் ஒவ்வொரு வருடமும் கேட்பார். குளிர், சளி, பரீட்சை என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் சொல்லித் தட்டிக்கழித்தேன். அவள் இருக்கும் மண்ணில் கால் வைப்பதில்லை என்று நான் மனதுக்குள் முடிவெடுத்திருந்தேன்.

நான் போகாவிட்டால் என்ன, அவள் வந்தாள். பேக்கரிக்காரரின் மகள் அவுஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்க்க வருகிறாள், ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள் என்று இவர் சொன்னபோது அவர் முகத்தில் தீபாவளி. கறுத்தப் பாண் தேடி மூன்று கடை ஏறி இறங்கினார். நான் என் பங்குக்கு அந்த வெக்கையில் கல்யாணக் கூறைச்சேலையை எடுத்துக் கட்டினேன். நண்டுக்கறிக்குத் தூளைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன்.

அவள் உயரமாக, வெயிலில் சிவந்துபோய், உண்மையாகவே வடிவாக வந்து நின்றாள். இவரைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஜேர்மன் பாஷையில் கதைக்கத் தொடங்கினார்கள். அந்த ஊர்க் கதையைத் தவிர எங்கள் வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் கண்டதே இல்லை. நான் அவளுடைய தட்டில் இன்னும் ஒரு அகப்பை குழம்பு ஊற்றினேன். அவளோ கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிய வடிய நண்டை உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் இவர் பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் வாங்கப் போனார். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். நேரே கேட்டுவிடுவோமா என்று வாய்வரை வந்தது. அதற்குப் பதிலாக, உன் ஊரைப் பற்றி நீ எனக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று காட்டவேண்டும் என்று தோன்றியது. கரண்டிகளை வளைத்து வைத்தேன். உப்புப் போத்தலை வைத்தேன், மிளகாய்த்தூள் போத்தலை வைத்தேன். மணி போன கதையையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ஒரு பிழைகூட இல்லை என்று அவள் வியந்துபோனாள். பிறகு எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, இனித் தன்னுடைய முறை என்றாள்.

ஒரு கரண்டியை நீட்டி வைத்து, இது ஸ்டேஷன் றோட் என்றாள். மூடி ஒன்றை வைத்து, இது சைக்கிள் கடை. முள்ளுக்கரண்டி ஒரு குறுகிய ஒழுங்கை, அதன் முடிவில் வாசலுக்குப் பச்சைக் கேற் போட்ட வீடு. நான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். அது யாழ்ப்பாணத்தில் என் வீடு. சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒரு தேக்கரண்டியை நிறுத்தி, "உங்கள் கணவர் இங்கேதான் நிற்பாராம்" என்றாள்.

போன புதிதில் இவருக்கு ஜேர்மன் பாஷை வராதாம். நீ எங்கேயிருந்து வந்தாய் என்று அவளுடைய அப்பா கேட்டால், மாவு மேசையில் பணிஸ் என்கிற சின்ன உருண்டைப் பாண்களை அடுக்கித்தான் காட்டுவாராம். ரயில்பாதை, கடை, ஒழுங்கை, வீடு. கசகசா தூவிய பணிஸ் நானாம். அப்பா தினமும் காலையில் அந்தப் பணிஸை எடுத்துக் கொடுத்து, இன்றைக்கு இவள் என்ன செய்தாள் என்று கேட்பாராம். இவரும் தெரிந்த சொற்களை வைத்துச் சொல்லுவாராம். பாண் வாங்க வருகிறவர்களும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்களாம். இப்படியே அந்த ஊருக்கு நான் மனப்பாடமாகிவிட்டேன். இவர் ஜேர்மன் படித்ததே என்னை வைத்துத்தானாம்.

"உங்கள் சைக்கிள் செயின் அடிக்கடி கழலுமாம். நீங்கள் கோபப்படாமல் சிரிப்பீர்களாம். அந்தச் சத்தத்துக்கு அடுத்த வீட்டு நாய் குரைக்குமாம். இப்போதும் அப்படித்தான் சிரிப்பீர்களா?" என்று கேட்டாள்.

கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கதவைத் திறந்த நேரத்தில் நான் அவளைப் பார்த்த அதே பார்வைதான். செயின் கழன்றதும் சிரித்த அந்த யாழ்ப்பாணத்துப் பெட்டைக்கும் இப்போதைய எனக்கும் எவ்வளவு பொருத்தம் என்று அளக்கிறாள் என்பது விளங்கியது. எனக்கு வந்த எரிச்சல் அவள்மேல் அல்ல, அந்தப் பெட்டைமேல். செயின் கழன்றாலும் சிரித்துக்கொண்டு நிற்க அவளுக்கு என்ன, வேலையா வெட்டியா? அவளைப் பற்றி ஒரு ஊரே கேட்டு மகிழ்ந்திருக்கிறது. எனக்கோ ஓடையும் மணியும்தான் வந்தன.

இவர் ஐஸ்கிரீமோடு உள்ளே வந்தார். மேசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார், காது இரண்டும் சிவந்துவிட்டது. நான் விடவில்லை.

"இதை ஏனப்பா எனக்கு ஒரு கடிதத்திலையும் எழுதேல்லை?"

அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். "உமக்கு உம்மைத் தெரியும்தானே. உம்மைத் தெரியாத சனத்துக்கு உம்மைப் பற்றிச் சொன்னனான். உமக்குத் தெரியாத ஊரை உமக்கு எழுதினனான்."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது. எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்துவிட்டது. கூறைச்சேலைத் தலைப்பை வாயில் வைத்தும் அடங்கவில்லை. பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் நாய் இல்லை. ஆனாலும் பேக்கரிக்காரரின் மகள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

அடுத்த வருடம் நானாகவே ஜேர்மனிக்கு விமான ரிக்கெற் போடச் சொன்னேன். ஓடை நான் நினைத்ததைவிட மெலிந்தது. மணியின் சத்தம் எனக்கு நன்றாகத்தான் கேட்டது. பேக்கரியில் ஒரு வயதான மனிதர் என்னைக் கண்டதும் உள்ளே போய், கசகசா தூவிய ஒரு பணிஸைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

அந்த ஊரோடு எனக்கு இப்போது ஒரு சண்டையும் இல்லை. இவர் பாணை அமுக்கிப் பார்த்தபடி எங்கேயோ யோசனையில் இருந்தால், அந்தப் பச்சைக் கேற்றுப் பெட்டையிடம்தான் போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவள்மேல் இன்றைக்கும் எனக்குப் பொறாமைதான், அதனால்தான் கறி அடிப்பிடித்தாலும் பஸ் தவறினாலும் கோபப்படுவதற்கு முன் ஒருமுறை சத்தமாகச் சிரித்துப் பார்க்கிறேன், சில நாட்களில் அவளை வென்றும்விடுகிறேன்.