மங்கலாக விடப்பட்ட முகம்

அந்தக் கமராவைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். கிளிநொச்சியில் நான் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்த ஸ்டூடியோவுக்கு, கொழும்பிலிருந்து ஒரு தம்பி அதைக் கொண்டுவந்தார். முதலாளி கலியாண வீடுகளுக்குக் கொண்டுபோகும் கமராவுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, இரண்டு பேரும் மாடு பார்க்கிறவர்கள் மாதிரிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

“இது மீடியம் போமற், அண்ணை. படம் விழுகிற சென்சர் உங்கட புல் பிரேம் கமராவில இருக்கிறதைவிடப் பெரிசு. கதவளவுக்குப் பெருப்பிச்சாலும் ஒவ்வொரு மயிரும் தெரியும்.”

“நிறம் வடிவுதான். ஆனா இதை வைச்சுத் தாலி கட்டுறதை எடுக்கேலாது தம்பி. இது கண் முழிக்கிறதுக்குள்ள அவைக்குப் பிள்ளையும் பிறந்திடும்” என்றார் முதலாளி.

கமராவைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறவள் நான். ஆனால் யுத்தத்தின் கடைசியில் காணாமற்போன என் மகனின் படம் எப்போதும் என் பையில் இருக்கும். பரீட்சை அட்டைக்கு எடுத்ததை முதலாளிதான் பெருப்பித்துத் தந்தவர். ஒரு கண்காட்சிக்குப் படம் எடுக்க, அதைப் பிடித்துக்கொண்டு ஜன்னலடியில் இருக்கும்படி கொழும்புத் தம்பி கேட்டார். கதவளவில் மகனின் முகம் தொங்கினால், அவனைக் கண்ட யாராவது ஒரு சொல் சொல்லக்கூடும் என்று நினைத்தேன். அதற்காகவே சம்மதித்தேன்.

வவுனியாவில் ஒரு மண்டபத்தில் படங்களை வைத்தார்கள். முதலாளியோடு பஸ்ஸில் போனேன். சொன்னபடி கதவளவுதான். என் சுருக்கங்கள், நாடியில் நிற்கும் நரைமயிர், சட்டையில் குத்திய ஊசி எல்லாம் தெரிந்தன. என் கையில் இருந்த பிள்ளை மட்டும் புகை. கண் எது, வாய் எது என்று பெற்றவளுக்கே பிடிபடவில்லை. வந்தவர்கள் என் சுருக்கங்களைப் பார்த்து “எவ்வளவு உயிர்” என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

முதலாளி கிட்டப் போய்ப் பார்த்தார். அவர் எப்போதும் லென்ஸின் வாயை ஒடுக்கித்தான் படம் எடுப்பார். மாப்பிள்ளையும் தெரியவேண்டும், பின்னால் நிற்கும் மாமாவும் தெரியவேண்டும். ஒருவர் மங்கினாலும் அந்த வீட்டில் சண்டை. “பெரிய சென்சரில லென்ஸை முழுக்கத் திறந்தா, தெளிவு விரலளவுக்குத்தான் நிக்கும் அக்கா. கமராவில பிழையில்லை. இதையும் ஒடுக்கியிருக்கலாம். வேணுமெண்டுதான் விட்டிருக்கிறார்” என்றார்.

கொழும்புத் தம்பி மறைக்கவில்லை. “அந்த மங்கல்தானம்மா படத்தின்ர கருத்து. இல்லாத ஆள் எண்டு காட்டுது.”

“இல்லாத ஆள் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

என் வாயிலிருந்துதான் வந்தது. அத்தனை பேருக்கு நடுவில் நான் கதைத்தது அதுதான் முதல் தடவை. பதினைந்து வருஷமாக ஒவ்வொரு கந்தோராக ஏறி, அவன் இருக்கிறான் என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இவர் ஒரு விரலால் அமத்தி அவனை இல்லாதவனாக்கிவிட்டு, அதற்குக் கருத்தும் சொல்கிறார். படத்தைக் கழற்றச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.

பையிலிருந்து மகனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தேன். “முதலாளி, நீங்கள் எடுங்கோ” என்றேன். அவர் தன் கமராவைத் தோளிலிருந்து இறக்கினார். அவர் எடுத்த படத்தில் நான் இல்லை, என் விரல்கள் மட்டும்தான். பிள்ளையின் மேலுதட்டில் அரும்பிய மீசையும் தெரிகிறது.

முதலாளி போன மாரியில் காலமாகிவிட்டார். நானும் காணாமற்போன பிள்ளைகளின் தாய்மாரோடு றோட்டோரப் பந்தலில் அந்தப் படத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருக்கிறேன். கமராக்காரர் இன்னும் வருகிறார்கள். நேற்றும் ஒரு பெண்பிள்ளை கமராவோடு வந்து, “அம்மா, உங்கட முகம் தெரியேல்லை, படத்தைக் கொஞ்சம் கீழ பதிச்சுப் பிடியுங்கோ” என்றாள்.

நான் பதிக்கவில்லை. “காணாமப் போனது நானில்லைப் பிள்ளை” என்றேன்.