லுர்டெஸ் சில்வேராவின் அளவுச் சக்கரம்

முதலில் சக்கரம்தான் உள்ளே வரும். நீளமான பிடியின் நுனியில், குழந்தை சைக்கிளிலிருந்து கழற்றியது போன்ற ஒரு சக்கரம். ஓர் அடி உருண்டால் ஒரு 'டிக்'. வரலாற்று ஆசிரியர் உள்நாட்டுப் போரின் நடுவில் நின்றுகொண்டிருப்பார். லுர்டெஸ் சில்வேரா அவருக்கும் பலகைக்கும் இடையே டிக் டிக்கென்று நடந்து, சுவரில் முட்டித் திரும்பி, கண்ணாலேயே தலைகளை எண்ணுவார். "முப்பத்தஞ்சு நாற்காலி, இருபத்தொம்பது தலை. நீங்க சண்டையப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியேறுவார். கதவை மட்டும் மெதுவாகச் சாத்துவார்.

சான் அமாரோ சமுதாயக் கல்லூரியில் வளர்ச்சித் திட்ட அலுவலகம் என்று ஒன்று உண்டு. அந்த அலுவலகம் முழுக்க லுர்டெஸ் ஒருவர்தான். எந்த அறை எத்தனை சதுர அடி, எந்த மணிக்கு எத்தனை நாற்காலி சும்மா கிடக்கிறது, அடுத்த பத்து வருஷத்தில் எத்தனை பேர் படிக்க வருவார்கள் என்பதெல்லாம் அவரிடம்தான் இருக்கும். குளிர்கால மூடுபனியில் தன் கை தனக்கே தெரியாத காலையிலும் வாகன நிறுத்தத்தில் கார்களை எண்ணுவார். கண்ணுக்குத் தெரியாதவற்றைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். ஒருமுறை காருக்குள் தூங்கிக்கொண்டிருந்த மாணவன், கண்ணாடியில் ஒரு கை மட்டும் நகர்வதைப் பார்த்து ஹாரனை விடாமல் அடித்தான். அவனையும் காரையும் சேர்த்தே எண்ணிக்கொண்டார்.

மாணவர்கள் அவரைச் 'சக்கரக்காரம்மா' என்பார்கள். கணவர் டோனி பால்பண்ணையில் வேலை செய்கிறார். அவருக்குப் பட்டப்பெயர் போதாது. "மகள் கல்யாணத்துல இவ அழுவான்னு பாத்தேன். மண்டபத்துல இன்னும் நாப்பது பேர் உக்காரலாம்னு பாதிரியார்கிட்ட சண்டை போட்டுட்டிருந்தா" என்று எல்லாரிடமும் சொல்வார். லுர்டெஸ் மறுப்பதில்லை. "நாப்பது இல்ல, நாப்பத்திரண்டு" என்பார்.

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுத் தலைவர் வருவார். வந்ததும் வெளியூர் நிறுவனத்தை வைத்து வழவழப்பான திட்டப் புத்தகம் ஒன்று போடுவார். அதில் இன்னும் நடாத மரங்களின் நிழலில், மெலிந்த கால்களோடு மனிதர்கள் நடப்பார்கள். எல்லாப் புத்தகத்திலும் ஒரு பெண் பலூன் பிடித்துக்கொண்டு போவாள். "இந்த ஊர்ல எவ பலூனோட காலேஜுக்கு வந்தா, காட்டுங்க" என்று லுர்டெஸ் கேட்பார். ஆனால் எந்தப் புத்தகத்தையும் தூக்கிப்போட மாட்டார். ஆறு புத்தகங்களும் அவர் மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. அவர் வேலைக்கு வந்த காலத்தில் ஆறாயிரம் பேர் படித்தார்கள். இன்று பதினோராயிரம். கட்டடங்கள் அப்படியே இருக்கின்றன. இரண்டு வருஷத்துக்கு என்று லாரியில் கொண்டுவந்து இறக்கிய தற்காலிக வகுப்பறைகளின் சக்கரத்தைச் சுற்றி வேர் ஓடிவிட்டது.

லுர்டெஸ் இங்கே வேலைக்கு வரவில்லை, படிக்கத்தான் வந்தார். செவிலியர் வகுப்பில் நாற்பது நாற்காலி. பட்டியலில் அவர் நாற்பத்தொன்று. யாராவது விலகினால் கூப்பிடுகிறோம் என்றார்கள். அதுவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று அறை அளக்கும் வேலையில் சேர்ந்தார். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. "இன்னும் கூப்பிடல" என்று சிரிக்காமல் சொல்வார். இன்றைக்கும் அதே அறையில் அதே நாற்பது நாற்காலிதான். வெளியே காத்திருப்பவர்கள் நூற்றெண்பது.

அந்த நூற்றெண்பது பேருக்காகத்தான் போன ஜூன் மாதம் அவர் சக்கரம் ஓயாமல் உருண்டது. செவிலியர் கட்டடம் கேட்டு மாநில அரசுக்கு விண்ணப்பம் போக வேண்டும். அதில் ஒரு நிபந்தனை. கல்லூரியில் அலுவலக இடம் தேவைக்கு மேல் ஒரு சதுர அடி இருந்தாலும், 'முதலில் இருப்பதைப் பயன்படுத்து' என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். லுர்டெஸ் அளந்து பார்த்தார். முந்நூறு சதுர அடி அதிகம்.

எது அலுவலகம் என்பதில் அவருக்குக் குழப்பமே கிடையாது. "மேசை இருந்தா ஆபீஸ். மேசை இல்லன்னா சாமான் ரூம். ஆள் முக்கியமில்ல." அவர் வருகிறார் என்றால் அதுவரை அறை சின்னது என்று அழுதவர்கள் எல்லாம், நிம்மதியாக இருக்கிறோம் என்பார்கள். கால்பந்துப் பயிற்சியாளர் ரூபென் ஒரு மூலை அறையில் மேசையும் சோபாவும் போட்டு மதியம் தூங்குவார். லுர்டெஸ் மேசையை வெளியே இழுத்துவிட்டு அங்கே பந்துகளைப் போடச் சொன்னார். "சோபாவாவது இருக்கட்டுமே" என்றார் ரூபென். "இருக்கட்டும். பந்து தூங்கும்" என்றார் லுர்டெஸ்.

இப்படிப் பிடுங்கிப் பிடுங்கி, கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் தொண்ணூற்று நான்கு சதுர அடியில் வந்து நின்றது. அதற்குமேல் இறங்கவில்லை. துணைத்தலைவர் ஜெரால்ட் ப்ரூவிட் கூட்டம் போட்டார். செவிலியர் துறைத் தலைவி மாய் ஹெர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ரூபெனும் வந்திருந்தார்; தூங்க வேறு இடமில்லை.

ப்ரூவிட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "லுர்டெஸ், உங்க ரூம் எவ்வளவு?"

"தொண்ணூத்தாறு."

அந்த ஓர் அறையைக் கழித்தால் கணக்கு தீர்ந்துவிடும். லுர்டெஸின் காது சிவந்தது. பிறகு தானாகவே பதிவேட்டைத் திறந்து தன் அறை எண்ணைத் தேடினார். அலுவலகப் பக்கத்தில் இல்லை. நாலைந்து பக்கம் தள்ளிக் கிடைத்தது: துடைப்பம், வாளி வைக்கும் அறை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இடமில்லாமல் துடைப்பங்களை வெளியே எடுத்துவிட்டு உள்ளே உட்காரவைத்தார்கள். பதிவேட்டில் யாரும் மாற்றவில்லை. ஊரையே அளந்தவர் தன் அறையை மட்டும் அளக்கவே இல்லை. தொண்ணூற்றாறு என்பது ஏணி வைத்து ஒட்டடை அடிக்க வந்தவர் சொன்ன அளவு.

ரூபென் கைதட்டிச் சிரித்தார். "அப்ப இத்தன வருஷமா நீங்க துடைப்பமா இருந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

ப்ரூவிட்டுக்கு அது நல்ல சேதியாகப் பட்டது. கணக்கில் வராத அறை கணக்கில் வராமலே இருக்கட்டும், மிச்சத் தொண்ணூற்று நான்கையும் அதேபோல எங்காவது துடைப்பம் என்று எழுதிவிடலாம், மாநிலத்திலிருந்து யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்றார். தன் அறையை அலுவலகம் என்று திருத்தி எழுத லுர்டெஸ் பேனா மூடியைக் கழற்றினார். மாய் ஹெர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இத எழுதினா நூத்தித்தொண்ணூறு ஆயிரும். என் பிள்ளைங்க போச்சு. இன்னைக்கு எழுதாதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"சதுர அடி பொய் சொல்லாது, மாய். அதுல உக்காந்திருக்கிறவன்தான் சொல்லுவான்" என்பது லுர்டெஸ் ஆயிரம் தடவை சொன்ன வசனம். அன்றைக்கு முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார். பேனாவை மூடிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் அவர் மேசை தாழ்வாரத்தில் கிடந்தது. அடியில் ஆறு திட்டப் புத்தகங்கள் அதே வரிசையில். நடைபாதை எந்தக் கணக்கிலும் வராது. துப்புரவுக்காரரைக் கூப்பிட்டுத் துடைப்பங்களையும் வாளிகளையும் பழைய அறையில் திரும்ப வைக்கச் சொல்லியிருந்தார். பதிவேட்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. பதிவேடு சொன்னபடி அறையை மாற்றிவிட்டார். ஆக, அதே தொண்ணூற்று நான்கு.

அதன் பிறகு சக்கரம் துணைத்தலைவர் அறைக்குள் போனது. அவர் அறைக்குள் இன்னொரு சிறிய அறை உண்டு. அதில் ஒரு மேசை, யாரும் உட்காராத நாற்காலி. தொண்ணூற்றெட்டு சதுர அடி என்று லுர்டெஸுக்கு மனப்பாடம். ஆனால் அதைக் கேட்க இத்தனை நாள் வாய் வரவில்லை.

"இந்த மேசைல யாரு உக்காருறா?"

"வெளியூர்லேர்ந்து யாராவது வந்தா..." என்று ப்ரூவிட் இழுத்தார்.

"கடைசியா யாரு வந்தா?"

ப்ரூவிட் யோசித்தார். திறந்த கதவு வழியாகத் தாழ்வாரத்து மேசை அவருக்கு நேராகத் தெரிந்தது. அதில் இடித்துக்கொண்டு ஒரு மாணவி மன்னிப்புக் கேட்டாள், மேசையிடம். யோசிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. ரூபென் அழைக்காமலே வந்து உள்ளறை மேசையின் ஒரு முனையைத் தூக்கினார். அவ்வளவு உற்சாகமாக அவர் விளையாட்டு மைதானத்தில்கூட இருந்து யாரும் பார்த்ததில்லை. காலியான அறையில் ப்ரூவிட்டின் மீன்தொட்டியையும் பழைய கோப்புகளையும் வைத்தார்கள். மீன், சாமான் கணக்கு. தேவைக்கு நான்கு சதுர அடி குறைவு என்று எழுதி, கடைசி நாள் மதியம் விண்ணப்பம் போயிற்று.

மார்ச் மாதம், பாதாம் தோப்புகள் பூத்து உதிர்ந்த வாரத்தில், கட்டடத்துக்கு அனுமதி வந்தது. மாய் ஹெர் தாழ்வாரத்திலேயே லுர்டெஸைக் கட்டிக்கொண்டு அழுதார். "வழியில நிக்கறீங்க, மாய்" என்றார் லுர்டெஸ். ஆனால் மாயின் கையை விலக்கவில்லை.

இப்போதும் அவர் தாழ்வாரத்தில்தான் இருக்கிறார். யாராவது கடந்தால் முழங்காலை மடக்கிக்கொள்வார். சென்ற வாரம் கட்டட வரைபடத்தோடு ஓர் இளம் பொறியாளர் வந்து அவர் மேசைமேல் விரித்தார். இதிலும் வாசலில் ஒரு பெண் பலூனோடு போகிறாள். லுர்டெஸ் அவளை ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பறையில் நாற்காலிகளைப் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாற்பது.

"கதவு ஏன் உள்பக்கம் திறக்குது?"

"வழக்கமா அப்படித்தான் போடுவோம்ங்க."

லுர்டெஸ் ரப்பரை எடுத்துக் கதவின் வளைகோட்டை அழித்தார். அதை வெளிப்பக்கமாகத் திருப்பி வரைந்தார். கதவு விட்டுக்கொடுத்த இடத்தில் ஒரு சின்னச் சதுரம் போட்டு, துகளை ஊதிவிட்டு, அதற்குள் நாற்பத்தொன்று என்று எழுதினார்.