தண்ணீர் சொட்டாத குழாய்

செய்கு அலாவுதீன் காக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தினமும் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிற மனிதர், லைசென்ஸ் டெஸ்டில் ஆறு முறை தோற்றுவிட்டு, ஏழாவது முறை போகத் தெம்பில்லாமல் விட்டுவிட்டார். ஆகவே அவருக்கு எங்கே போக வேண்டுமென்றாலும் கெடுவது என் தூக்கம்தான். என் பெயர் சுஐபு. இந்த வளைகுடா நாட்டில், அல் கூஸில் அவர் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் சாமான் வாங்கிவரும் பிக்கப்புக்கு டிரைவர். எங்கள் கடற்கரை ஊர்களில் அண்ணனைக் காக்கா என்போம். அவர் என் கூடப் பிறந்தவர் இல்லை. ஒரே ரூமில் ஒன்பது வருஷமாக அவர் கீழ்க்கட்டிலிலும் நான் மேல்கட்டிலிலும் படுக்கிறோம், அவ்வளவுதான்.

அவர் ஏசிக்காரர். முதலில் குதைபியாவில் ஒரு கடையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர். பிறகு ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலைக் கேம்ப்பில் ஆறு வருஷம் ஜன்னல் ஏசிகளைக் கழற்றிக் கழுவி மாட்டும் வேலை. அதன் பிறகு இங்கே, வண்டி ஏசி. இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒருவர்கூட அவரிடம் வந்து ஒரு பொருளைச் சூடாக்கித் தரும்படி கேட்டதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முட்டி தேய்ந்து, முதுகு இறுகி, ரூமுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாய்ந்துவிடுவார். ஊரிலிருந்து மனைவி ரம்ஸியா பேசினால் பாதிப் பேச்சிலேயே குறட்டை வந்துவிடும். "உங்க காக்காவ எழுப்பாதீங்க, காலைல பேசுறேன்" என்று ரம்ஸியா என்னிடம் சொல்லிவிட்டு வைப்பார்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, அரை நாள் டூட்டி. ஒரு ஜெர்மன்காரரும் அவர் மனைவியும் தங்கள் கேரவன் வண்டியைக் கொண்டுவந்திருந்தார்கள். உள்ளேயே கட்டில், அடுப்பு எல்லாம் உள்ள பெரிய வண்டி. பள்ளத்தாக்கில் கல் இடித்து ஹீட்டரின் புகைக்குழாய் உடைந்துவிட்டதாம். ஹீட்டர் என்றதும் ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. நான் காலையிலேயே ஷார்ஜாவில் அலைந்து, இரண்டு மீட்டர் வளையும் எஃகுக் குழாய் வாங்கி வந்தேன். வண்டிக்கடியில் புகுந்தவர் காக்கா.

வேலை முடிந்து வெளியே வந்தவர், அறுத்துப் போட்ட பழைய குழாய்த் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரல் கரியாக இருந்தது.

"இது எதுக்கு இவ்வளவு நீளமா, வண்டி ஓரம் வரைக்கும் வருது?" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டார்.

ஜெர்மன்காரர் சைகையில் சொன்னார். கரி பிடித்த குழாயைக் காட்டி, மூக்கைக் காட்டினார். இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துத் தூங்குவது போலக் காட்டினார். அப்படியே கண்ணைத் திறக்காமல் நின்றார்.

காக்காவின் முகம் செத்துப்போனது.

அவர் அப்போது சொன்னதை இங்கே சுருக்கிச் சொல்கிறேன். போன மே மாதம் சீதாராமன் என்று ஒருவர் தன் பழைய கேரவனைக் கொண்டுவந்திருந்தார். ஏதோ கம்பெனியில் இன்ஜினியர், திருச்சிக்காரர், தங்கமான மனுஷர். ஏசி தண்ணீர் பார்க்கிங் முழுக்கச் சொட்டுகிறது, வாட்ச்மேன் சத்தம் போடுகிறான் என்றார். அன்றைக்குக் காக்காவுக்கு அது பதினோராவது வண்டி. அடியில் இரண்டு குழாய் தொங்கின. ஒன்றில் தண்ணீர் வந்தது, அதைச் சரிசெய்தார். இன்னொன்று மெல்லிய எஃகுக் குழாய், ஒரு சொட்டுகூட வரவில்லை. தண்ணீர் வராத டிரெயின் பைப் எதற்கு, வீணாக ஆடிக்கொண்டிருக்கிறதே என்று அதைப் பாதியில் அறுத்து, மேலே தூக்கி கிளாம்ப் போட்டுவிட்டார். அதன் வாய், வயர் ஏறும் ஓட்டைக்கு நேர் கீழே நின்றது. அந்த ஓட்டைக்கு மேலே கட்டில்.

"அன்னைக்கும் வெரல்ல கரி ஒட்டிச்சுடா. ரோட்டு அழுக்குன்னு தொடச்சிட்டேன்."

இந்தச் சனிக்கிழமை காலைதான் சீதாராமன் வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். குடும்பத்தோடு ஜெபல் ஜைஸ் மலைக்கு, ஒரு ராத்திரி தங்கல். டிசம்பரில் அந்த மலை உச்சியில் பல் கிட்டிக்கும். ஃபோன் போட்டோம், ஸ்விட்ச் ஆஃப். மெசேஜ் ஒற்றை டிக்கோடு நின்றது.

"போலீசுக்குச் சொல்லிருவோம் காக்கா."

"சொல்லு. என்ன வண்டி, எங்க நிக்கிதுன்னு கேப்பாங்க. மலையில கேரவன்னு மட்டும்தானே தெரியும்? பொழுது சாயாம ஹீட்டர் போட மாட்டாங்க. அதுக்குள்ள போயிருவோம். ஆள் கெடைக்கலன்னா நானே போலீசுக்குப் பேசுறேன், ஜெயில்ல வச்சாலும் சரி. வண்டிய எடு."

எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். வாரத்தில் கிடைக்கிற ஒரே மத்தியானத் தூக்கம். மிச்சமிருந்த ஒரு மீட்டர் குழாய், கிளாம்ப், வெப்பம் தாங்கும் டேப் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டரைக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அவர் ஐந்து நிமிஷத்துக்கொரு முறை ஃபோன் போட்டுக்கொண்டே வந்தார். வண்டியில் ஏறினால் உடனே தூங்குகிற மனிதர், அன்று கண்ணை மூடவில்லை. சாயங்கால அசர் தொழுகைக்குக்கூட வண்டியை நிறுத்தச் சொல்லாமல் சீட்டில் உட்கார்ந்தபடியே தொழுதார். அப்படி அவர் தொழுது நான் பார்த்ததில்லை. அதன் பிறகு நான் முணுமுணுக்கவில்லை.

ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலைகளைத் தாண்டும்போது மட்டும் வாய் திறந்தார். "இங்க ஆறு வருஷம் கெடந்தேன் சுஐபு. ஒரு நாள்கூட இந்த மலையில ஏறுனதில்ல. டூட்டி, ரூம், டூட்டி. இப்பப் பாரு, எதுக்கு ஏறுறேன்னு."

மலைப்பாதையில் சனிக்கிழமைக் கூட்டம். ஒவ்வொரு வளைவிலும் எங்களுக்கு முன்னால் ஒரு வண்டி நின்று போட்டோ எடுத்தது. முதல் பார்க்கிங்கில் இல்லை. இரண்டாவதில் இரண்டு கேரவன் நின்றன, இரண்டும் வேறு ஆட்களுடையவை. வெயில் எதிர் மலையின் உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. மேலே மூன்றாவது பார்க்கிங்கில், ஒதுக்குப்புறமாகப் பாறையோரம், அந்தப் பழுப்பு வண்டி நின்றது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. வெளியே மடக்கு நாற்காலியில் சீதாராமனும் அவர் மனைவி நளினியும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காக்கா சலாமும் சொல்லவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. "ஹீட்டர் போட்டாச்சா?" என்று கத்திக்கொண்டே நொண்டி நொண்டி ஓடினார்.

"பாய்! நீங்க எங்க இங்க? இப்பத்தான் போட்டோம், பசங்க உள்ள..."

மிச்சத்தைக் கேட்க அவர் நிற்கவில்லை. கதவைத் திறந்து ஏறி, ஐபேடில் மூழ்கியிருந்த பையன் ஷ்யாமைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். கட்டிலில் படுத்திருந்த சின்னப்பெண் சம்யுக்தாவை அள்ளிக்கொண்டு இறங்கினார். நான் சுவிட்சைத் தேடி அணைத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டேன்.

"காக்கா, பிள்ளையக் கீழ விடுங்க, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"அம்மா, ஒய் இஸ் ஹி காலிங் ஹிம் எ க்ரோ?" என்று கேட்டது அந்தப் பெண். உயிர் வந்தது எனக்கு.

ஹீட்டர் புகை உள்ளே வருகிறது, குழாயை மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காக்கா அட்டையை விரித்து வண்டிக்கடியில் புகுந்தார். குளிர்ந்த சரளைக் கல்லில் முக்கால் மணி நேரம் கிடந்தார். புதுக் குழாயை இறக்கி, வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே பார்க்கிற மாதிரி வைத்து இறுக்கினார். ஓட்டையை டேப்பால் அடைத்தார். நான் டார்ச் பிடித்தேன். அவர் பல் கிட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

எழுந்து வந்ததும் சீதாராமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு தூரம் எங்களுக்காக வந்திருக்கீங்களே பாய். யார் செய்வா? போன வாரம் பார்க்கிங்ல சோதனைக்குப் பத்து நிமிஷம் போட்டோம். பொண்ணு தலைவலின்னு வாந்தி எடுத்தா. பரோட்டா சேரலைன்னு நெனச்சோம்."

நான் காக்காவைப் பார்த்தேன். பேசாமல் இருந்துவிடுங்கள் என்று கண்ணாலேயே சொன்னேன். வேலை முடிந்தது, பிள்ளைகள் பிழைத்தன, நன்றியும் கிடைத்தாயிற்று. இரண்டு மணி நேரத்தில் ரூமில் படுத்துவிடலாம். வேறு யார் கண்டது?

"நான்தான் சார் அறுத்தேன்" என்றார் காக்கா. "மே மாசம். தண்ணி வரல, வீண் பைப்புன்னு நெனச்சி அறுத்துட்டேன். ஹீட்டர் சைலன்சர நான் பாத்ததே இல்ல. அசதியாவும் இருந்திச்சி. ஆனா அசதின்னு சொல்லி என்ன, அறுத்தது என் கைதானே."

சீதாராமன் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். நளினி மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு காக்காவைப் பார்த்துப் பேசினார்.

"இப்ப சரியாயிடுச்சுன்னு சொல்றீங்க. உண்மையச் சொன்னவர், அதனால நம்பறேன். ஆனா இன்னிக்கு ராத்திரி ஹீட்டர் ஓடணும்னா நீங்களும் உள்ளதான் படுக்கணும். எம் பொண்ணு பக்கத்துல."

எனக்குச் சுருக்கென்றது. என்ன பேச்சு இது, மனுஷர் நின்றால் விழுந்துவிடுவார் போலிருக்கிறார், அவரைப் பிணை வைக்கிறாளா இந்த அம்மா என்று வாய் வரை வந்துவிட்டது. காக்கா என் தோளில் கை வைத்தார்.

"அவங்க கேக்குறது ஞாயம்டா. நீ பிக்கப்புல படு, ஜன்னலக் கொஞ்சம் எறக்கி வையி."

படியில் உட்கார்ந்து, குனிய முடியாமல் குனிந்து ஷூவைக் கழற்றினார். கையும் முகமும் கழுவினார். உள்ளே போய், சம்யுக்தாவின் கட்டிலை ஒட்டித் தரையில், அடைத்த அந்த ஓட்டையின் பக்கமாகவே தலையை வைத்துத் துண்டை விரித்துப் படுத்தார்.

"இப்ப ஹீட்டரப் போடுங்கம்மா" என்றார்.