அந்தக் கைக்கு மட்டும் சிவப்பு

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், மூஞ்சியில் அடித்த மாதிரி ஒன்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஃபேக்டரிகளுக்குக் கேமரா வைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. சாமானைப் படம் பிடித்து, நல்லதென்றால் பச்சை விளக்கும் கெட்டதென்றால் சிவப்பு விளக்கும் போடும் மெஷின். அதில் பேய் எங்கே நுழையும்?

சந்தாபுரா பக்கம் ஒரு ஃபேக்டரி. வண்டி பிரேக்குக்குள் போகும் ரப்பர் வளையம் செய்கிறார்கள். முடியளவு வெட்டு இருந்தாலும் வளையத்தைத் தள்ளிவிட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு கறுப்புக் கூண்டு வைத்தேன். உள்ளே சுற்றிலும் விளக்கு, நிழலே விழாது. வளையத்தைக் கையால் உள்ளே வைத்ததும் மேலே இருக்கும் கேமரா படம் எடுக்கும். அந்த வெளிச்சத்தில் யார் கையும் உயிருள்ள கை மாதிரி இருக்காது. என் கையைப் பார்க்க எனக்கே பிடிக்காது.

சோதனை ஓட்டத்தன்று இன்ஸ்பெக்‌ஷன் அக்கா வந்தார். ஐம்பது வயசு. பல வருஷமாக இந்த வளையங்களைக் கண்ணால் பார்த்தே பிரிப்பவர். நல்ல வளையம் ஒன்றை வைத்தார். சிவப்பு. இன்னொன்று வைத்தார். சிவப்பு. அதே வளையத்தைப் பக்கத்தில் நின்ற பெண் எடுத்து வைத்தாள். பச்சை. மறுபடி அக்கா வைத்தார், மறுபடி சிவப்பு. கம்ப்ரஸர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

“கேபிள் லூஸு!” என்று கத்தினேன். கேபிள் சரியாகத்தான் இருந்தது. லென்ஸைத் துடைத்தேன், விளக்கை மாற்றினேன், திட்டாத சாமான் பாக்கியில்லை. அக்காவுக்கு மட்டும் சிவப்பு.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. கேன்டீனில் அக்கா நீட்டிய ஊறுகாயை யாரும் எடுக்கவில்லை. “அந்தக்கா கை ராசி மெஷினுக்கே தெரியுதுடி” என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. “வாயை மூடு!” என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அந்த ஊறுகாயை நானும் எடுக்கவில்லை.

மறுநாள் அக்கா என்னிடம் வந்தார்.

“மேடம், உங்க மெஷினு பொய் சொல்லுமா?”

“சொல்லும்க்கா. நிறையச் சொல்லும்.”

“போன தடவை என் மருமகளுக்கு மூணாம் மாசத்துல கலைஞ்சு போச்சு. கூட இருந்து எல்லாம் செஞ்சது நான்தான். இப்போ ஏழாம் மாசம். ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. அத்தைதான் முதல் வளையல் போடணும்னு அடம் புடிக்கிறா.” கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். “நேத்துலேர்ந்து நான் அவளைத் தொடல மேடம். சோத்துத் தட்டைக்கூட டேபிள் மேல வெச்சுட்டு நவுந்துட்டேன்.”

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இந்த மாதிரி மெஷினுக்கு முதலில் ஆயிரக்கணக்கில் படம் காட்டி, இது நல்லது, இது கெட்டது என்று பழக்க வேண்டும். பிறகு அது எந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்தது என்று படத்தின்மேலேயே நிறம் தீட்டிக் காட்டும்படி கேட்கலாம். கேட்டேன். நிறம் வளையத்தின்மேல் விழவில்லை. ஓரத்தில் தெரிந்த விரல்நுனியில் நெருப்பாகப் பற்றியிருந்தது. அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாவற்றிலும் அதே விரல். எப்போதோ பிரஸ் மெஷினில் மாட்டி நகம் இரண்டாகப் பிளந்த அக்காவின் ஆள்காட்டி விரல். பட்டப்பகலில், ஏசி ரூமில், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மெஷின் வளையத்தைப் பார்க்கவே இல்லை. முதல் நாளிலிருந்து அது அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

காரணம் பிறகு புரிந்தது. கெட்ட வளையங்களை அங்கே ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி வைப்பார்கள், நல்லதோடு கலந்துவிடக் கூடாதென்று. சாவி அக்காவிடம். வேறு யாரும் தொடக் கூடாது. ஆகவே பழக்குவதற்குப் படம் எடுத்தபோது கெட்டதையெல்லாம் வைத்தது அக்கா, நல்லதை வைத்தது மற்ற பெண்கள். விரலை எடுப்பதற்குள் கேமரா படம் எடுத்துவிடும். முடியளவு வெட்டைத் தேடுவதைவிட பிளந்த நகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம் அல்லவா? சோம்பேறிக் கழுதை!

எல்லோருக்கும் நீல க்ளவுஸ் கொடுத்து, புதிதாகப் படம் எடுத்துப் பழக்கினேன். சனிக்கிழமை மெஷின் ஒழுங்காக ஓடியது. அக்காவை உட்காரவைத்துப் பழைய படங்களைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். திரையில் எரிந்த தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெட்டதையெல்லாம் தொட்டது என் கைதான். அதைக் கண்டுபுடிச்சிருக்கு,” என்றார்.

“ஐயோ, அப்படி இல்லக்கா!”

க்ளவுஸைக் கழற்றிவிட்டு, ஒரு நல்ல வளையத்தை வெறுங்கையால் கூண்டுக்குள் வைத்தார். புதுப் படங்களில் மட்டும் பழகிய மெஷின் வெறுங்கையையே பார்த்ததில்லை. என்ன சொல்லும் என்று எனக்கே தெரியாது. கர்த்தரே, கர்த்தரே என்று உதடு தானாக முணுமுணுத்தது.

பச்சை.

“பாத்தீங்களா!” நான் ஏறக்குறைய குதித்துவிட்டேன். அக்கா சிரித்தார். எனக்காகச் சிரித்த சிரிப்பு அது.

“இந்தப் பச்சை நீங்க வரவெச்சதுதானே மேடம்?”

“நான்தான்க்கா சரி பண்ணேன்.”

“அந்தச் சிவப்பை யாரும் வரவெக்கலையே. அது தானாத்தானே வந்துச்சு.”

அக்கா க்ளவுஸ் பெட்டியிலிருந்து புது ஜோடி ஒன்றை எடுத்து, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார்.

“அது எதுக்குக்கா?”

“நாளைக்கு வளையல் போடணுமே,” என்றார்.