செங்கல்லை விட்டுட்டு எழுந்திருங்க

மலையாளமும் தமிழும் கலந்து பேசும் எங்கள் வலியசாலையில் கலைச்செல்வியின் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. ஆட்டோவின் கூரையில் இரண்டு ஸ்பீக்கர் கட்டி, பின் சீட்டில் மைக்கோடு உட்கார்ந்து ஊரெல்லாம் அறிவிப்பு செய்வது அவள் தொழில். கோயில் உற்சவம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, ரத்ததான முகாம், தேர்தல் என்று எதுவானாலும் சரி. காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் எதிர்க்கட்சிக்கும் ஓட்டுக் கேட்பாள். இரண்டு முறையும் கேட்பவர்களுக்கு உண்மையாகவே தோன்றும்.

பிறந்தது போனக்காடு தேயிலை எஸ்டேட்டில். தோட்டத்தில் சம்பளம் நின்றுபோன வருஷம் மலையிறங்கி, சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் கடைக்கு ஓணத் தள்ளுபடி அறிவிக்க வந்தவன்தான் மைக்செட் ஞானையன். மலையாளத்தில் அவன் நன்றாகப் பேசுவான், தமிழில் தடுமாறுவான். "இதை நீ தமிழ்ல ஒருதடவை சொல்லு பார்ப்போம்" என்று மைக்கை நீட்டினான். அவள் சொன்னதும் நாகர்கோவில் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் திரும்பிக் கடைக்குள் வந்தார்கள். ஆறு மாதத்தில் கல்யாணம். அன்றிலிருந்து ஞானையன் ஆட்டோ ஓட்டுகிறான், அவள் பேசுகிறாள்.

எங்கள் தெருவுக்கு மேற்கே, ஒரு சந்து தள்ளி, பழைய ஐஸ் ஃபேக்டரி ஒன்று இருந்தது. ஐஸை உறையவைக்க அங்கே அமோனியா ஓடும். ஒருநாள் மூக்கை அறுக்கிற நாற்றம் லேசாக வந்து போனது. அதன்பிறகுதான் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் விழித்துக்கொண்டது. செயலாளர் சாம்பசிவன், இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஃபயர் ஃபோர்ஸிலிருந்து ஹரிகுமார் என்ற ஸ்டேஷன் ஆபீசரை அழைத்து வந்து கூட்டம் போட்டார். மைக் கட்டிக்கொடுக்க வந்த கலைச்செல்வியும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேஸ் லீக் ஆனா ஓடணும்னு எல்லாருக்கும் தெரியும். எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியாது" என்றார் ஹரிகுமார். "ஃபேக்டரிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நேரா ஓடுவீங்க. காற்றும் அதே பக்கம் வீசினா கேஸ் உங்க பின்னாலேயே வரும். காற்றுக்குக் குறுக்கே போகணும், அதான் கணக்கு."

ஃபேக்டரியில் அபாயச் சங்காக ஒரு ஹூட்டர் வைத்தால் போதுமே என்றார் ஒருவர். ஹரிகுமார் மறுத்தார். "ஹூட்டர் ஆபத்துன்னு மட்டும் சொல்லும். என்ன செய்யணும்னு சொல்லாது. ஒரு ஆள் சொல்லணும். எல்லாருக்கும் பழக்கமான குரல் வேணும்."

கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தது. கலைச்செல்விக்குப் பயம் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, விற்பதற்கு ஒன்றும் இல்லாமல் பேசப்போகிறோம் என்ற பரபரப்பு.

முதல் ஒத்திகை, அவர்கள் பாஷையில் மாக் டிரில், பெரிய கூத்தாக முடிந்தது. அவள் வழக்கம்போல ராகம் இழுத்து, "அன்பார்ந்த வலியசாலை வாழ் பெருமக்களே" என்று தொடங்கினாள். பாதிப் பேர் துணிப்பையோடு வெளியே வந்து, "எந்தக் கடைல? எத்தனை பர்சென்ட்?" என்று கேட்டார்கள். மீதிப் பேர் என்னவென்று பார்க்க ஃபேக்டரி வாசலுக்கே போய் நின்றார்கள். சாம்பசிவன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஹரிகுமார் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சேச்சி, நல்லாத்தான் பேசுறீங்க. அதான் பிரச்சனை. கேட்டுக்கிட்டே நிக்கத் தோணுது. சின்னச் சின்ன வாக்கியம். முதல்ல எங்கே போகணும். அப்புறம் என்ன செய்யணும். காரணம் எல்லாம் கடைசியில."

அவள் வீட்டில் பயிற்சி எடுத்தாள். ராகத்தை விடுவதுதான் கஷ்டம். சோறு வடிக்கும்போதும் ஞானையனை அதட்டியே பழகினாள். "தட்டை எடுங்க. திண்ணையில வேண்டாம், உள்ளே உட்காருங்க. மழை வருது." அவன், "ஏட்டீ, நான் எங்கேயும் லீக் ஆகலை" என்பான். இதற்கிடையில் ஃபேக்டரியில் ஒரு ஹூட்டரும் வைத்தார்கள்; அதன் கூரையிலும் தெருவின் விளக்குக் கம்பங்களிலும் காற்றடிக்கும் திசையைக் காட்ட ஆரஞ்சுத் துணி கட்டினார்கள். எங்கள் தெரு வடக்குத் தெற்காகப் போவது. ஒரு முனையில் கோயில், மறுமுனையில் பெரிய ரோடு. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று மேற்கிலிருந்து வந்தால் தெருவின் நடுப்பகுதிதான் மாட்டும். கோயில் பக்கம் இருப்பவர்கள் கோயிலுக்கு, ரோட்டுப் பக்கம் இருப்பவர்கள் ரோட்டுக்கு. ரோட்டு முனைக்குப் பக்கத்தில் கிழக்கே பிரிகிற சந்துக்குள் ஒருவரும் நுழையக் கூடாது. நடக்க முடியாதவர்கள் ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத்துணி செருகி, வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும்.

இரண்டாவது டிரில்லில் அவள் பேசப் பேசத் தெரு இரண்டாகப் பிரிந்து காலியானது. ஆட்டோவில் உட்கார்ந்து அந்த வெறும் தெருவைப் பார்த்தபோது அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷமாகச் சேலை வாங்கச் சொன்னாள், ஓட்டுப் போடச் சொன்னாள். யார் கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது கண்முன்னால் பார்த்தாள்.

அடுத்து வந்தது ஆற்றுகால் பொங்காலை. அன்றைக்கு நகரத்தின் தெருவெல்லாம் பெண்கள் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவார்கள். நல்ல இடம் கிடைக்க முன்னதாகவே வந்து மூன்று செங்கல்லை வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் தெருவிலும் முந்தின நாள் மத்தியானத்துக்குள் கால் வைக்க இடமில்லை. பாதிக்கு மேல் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள். கலைச்செல்வி மோர்ப்பந்தல் எங்கே, கழிப்பறை எங்கே என்று இரண்டு மொழியிலும் சொல்லிக்கொண்டு மெதுவாக ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள்.

நாற்றம் முதலில் ஞானையனுக்குத்தான் வந்தது. பிரேக் போட்டான். அடுத்த நொடி ஃபேக்டரி ஹூட்டர் அலறியது.

போன் அடித்தது. சாம்பசிவன். "வால்வு விட்டுப்போச்சாம். டிரில் இல்லைம்மா, நிஜம். ஹரிகுமார் கிட்டே சொல்லியாச்சு, வண்டி கிளம்பிடுத்து. இந்தக் கூட்டத்துலே எப்போ வந்து சேருமோ. நீ தொடங்கு. நான் சந்து முக்கிலே நிக்கறேன்."

கலைச்செல்வி நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தாள். ஆரஞ்சுத் துணி கிழக்கே விறைத்து நின்றது. கண்ணில் நீர் கோத்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"எல்லாரும் எழுந்திருங்க. கோயில் தெரியுறவங்க கோயிலைப் பார்த்து நடங்க. பெரிய ரோடு தெரியுறவங்க ரோட்டைப் பார்த்து நடங்க. சந்துக்குள்ள போகாதீங்க. முந்தானையை நனைச்சு மூக்கில வைங்க. ஐஸ் ஃபேக்டரியில கேஸ் லீக்." அதையே மலையாளத்திலும் சொன்னாள்.

தெருக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். மலையாளப் பெண்கள் சிலர் எழுந்தார்கள். ஆனால் நடுத்தெருவில் செங்கல்லோடு உட்கார்ந்திருந்த பெரிய கூட்டம் அசையவில்லை. இருமினார்கள், கண்ணைத் துடைத்தார்கள், பக்கத்திலிருப்பவளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே இருந்த ஓர் அம்மா மூன்று செங்கல்லையும் மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, உங்க பேரென்ன?" என்று கலைச்செல்வி மைக்கை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"பகவதியம்மாள். சுசீந்திரத்துக்காரி. நேத்தே வந்து பிடிச்ச இடம் மக்களே. மகளுக்காக நேர்ந்தது. நான் எந்திச்சா அந்த மஞ்சச் சேலைக்காரி கல்லைத் தள்ளிருவா."

"நான் எதுக்குத் தள்ளுதேன்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "நான் எந்திச்சா நீங்கதான் நகர்த்துவீங்க."

கலைச்செல்விக்குப் பிடி கிடைத்தது. யாருக்கும் அமோனியா மேல் பயமில்லை, பக்கத்து அடுப்பு மேல்தான் பயம். மைக்கை எடுத்தாள்.

"செங்கல்லை விட்டுட்டு எழுந்திருங்க. ஒருத்தர் எழுந்தா இடம் போயிரும். எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்தா யாரு இடத்தை யாரு பிடிக்க முடியும்? நான் மூணு எண்ணுவேன். பக்கத்துல இருக்கவங்க கையைப் பிடிச்சுக்கோங்க. கையைப் பிடிச்சுட்டா கல்லைத் தொட முடியாது. ஒண்ணு. ரெண்டு."

மூன்று என்பதற்குள் பகவதியம்மாள் சேலைக்காரியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். தெரு முழுக்கப் பெண்கள் ஜோடி ஜோடியாக எழுந்தார்கள். சிலருக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. ஈர முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு ஒரு பாதி கோயிலுக்கும் மறுபாதி ரோட்டுக்குமாக நடந்தார்கள். ஓட்டம் இல்லை, நெரிசல் இல்லை. சந்து முக்கில் சாம்பசிவன் சிவப்புத் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, உள்ளே நுழையப் பார்த்தவர்களைத் திருப்பிவிட்டார்.

ஞானையன் ஆட்டோவை ரோட்டு முனைக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். அப்போதுதான் கலைச்செல்விக்கு உறைத்தது. சாம்பசிவனின் மனைவி பாகீரதிக்கு இடுப்பு எலும்பு முறிந்து படுக்கை. வீடு தெருவின் நடுவில். அவர் முக்கை விட்டு நகராமல் நிற்கிறார், ஆனால் பார்வை வீட்டை விட்டு நகரவில்லை. போன் எடுக்கக்கூட முடியாமல் அவருடைய இரண்டு கையிலும் துண்டு இருந்தது.

அவள் ஸ்பீக்கரை வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னாள்.

"பாகீரதி மாமி, நான் கலைச்செல்வி. சார் இங்கே எங்க கண்ணு முன்னால பத்திரமா இருக்காரு. நீங்க வெளியே வரவேண்டாம். ஜன்னல் அடைச்சிருந்தா கட்டில் பக்கத்து ஸ்விட்சைத் தட்டி லைட்டைப் போட்டுக் காட்டுங்க."

ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். ரோட்டு முனையில் கூடியிருந்த அத்தனை பெண்களும், அந்த மாமி யாரென்றே தெரியாதவர்கள், அந்த வீட்டு ஜன்னலையே பார்த்தார்கள். மூடிய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ட்யூப்லைட் இரண்டு தடவை துடித்து எரிந்தது. கூட்டத்திலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. சாம்பசிவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உடனே மறுபடி விரித்துப் பிடித்தார்.

ஃபயர் ஃபோர்ஸ் வண்டி மேற்குப் பக்கத்து வழியாக, காற்று வருகிற பக்கமாக, வந்து நின்றது. முதுகில் சிலிண்டரும் முகத்தில் கவசமுமாக இரண்டு பேர் உள்ளே போனார்கள். மற்றவர்கள் ஃபேக்டரிக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவிலிருந்த சந்தின் குறுக்கே தண்ணீரைத் திரைபோலப் பீய்ச்சினார்கள். அமோனியா தண்ணீரில் கரைந்துவிடும் என்று ஹரிகுமார் கூட்டத்தில் சொன்னது நினைவில் இருந்ததால், கலைச்செல்வி அதையும் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தாள். என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கூட்டம் பதறாது. வெயில் சாய்வதற்குள் வால்வை அடைத்துவிட்டார்கள். ஃபேக்டரி தொழிலாளிகள் சிலருக்குக் கண்ணெரிச்சலும் மூச்சிரைப்பும். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அன்றே திரும்பினார்கள். சாம்பசிவன் வீட்டுக்குள் நுழைந்ததும் பாகீரதி மாமி கேட்ட முதல் கேள்வி, "என் பேரை ஊர் முழுக்கச் சொல்லச் சொன்னது யாரு?" என்பதுதான்.

மறுபடி பெண்கள் தெருவுக்குள் வந்தபோது ஒரு செங்கல்கூட இடம் மாறியிருக்கவில்லை. பகவதியம்மாளும் சேலைக்காரியும் இரண்டு அடுப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் பொங்காலை வழக்கம்போல நடந்தது. ஃபேக்டரி மட்டும் அன்றோடு பூட்டு. குழாய்களையும் வால்வுகளையும் முழுக்க மாற்றி, கசிவைக் காட்டும் கருவி வைத்தபிறகுதான் திறக்கவிட்டார்கள். ஹரிகுமார் அடுத்த மாதமே போன் செய்தார். கடலோரத்தில் மீனுக்கு ஐஸ் போடும் ஃபேக்டரிகள் நிறைய இருக்கிற ஒரு வார்டில் டிரில், வர முடியுமா என்று கேட்டார்.

"அங்கே காற்று எப்படி சார்?" என்றாள் கலைச்செல்வி.

"அதைத்தான் அங்கே எல்லாரும் உங்ககிட்ட கேக்கப்போறாங்க. காலையில ஒரு பக்கம், சாயங்காலம் வேற பக்கம்."

ஞானையன் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தான். அவன் தலை நிமிர்வதற்குள் அவள் ஸ்பீக்கர் வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.