பொட்டு வைத்த டிஸ்க்

விராலிமலையில், நெடுஞ்சாலையோரத்து ஸ்கேன் சென்டர் ஒன்றில் கம்ப்யூட்டர் விவகாரம் முழுக்க என் தலையில். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் நான். ஏசி ரிமோட்டுக்கு பேட்டரி போடவும் நான். இருப்பது ஒரே சர்வர். அதற்குள் மூன்று மெய்நிகர் கம்ப்யூட்டர்களைக் குடிவைத்திருந்தேன். ஒன்றில் பில், ஒன்றில் ரிப்போர்ட், ஒன்றில் ஸ்கேன் படங்கள். ஒரே கூரை, மூன்று குடித்தனம்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா எப்படிங்க திரும்பக் கொண்டாருவீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

விளக்கினேன். ஸ்னாப்ஷாட் என்று, அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்துவைப்பது நொடியில் முடியும்; ஆனால் அதே சர்வருக்குள்தான் கிடக்கும், சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற கதை. இணையம் வழியே வெளியூருக்கு அனுப்பலாம். எங்கள் லைனில் அது போய்ச் சேருவதற்குள் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. மிச்சமிருந்த வழி, மூன்றையும் முழுசாக ஒரு டிஸ்கில் நகலெடுத்து, தினமும் நான் வீட்டுக்கு எடுத்துப் போவது. அதுவே முடிவாயிற்று. ஒருமுறை திருப்பி ஏற்றியும் பார்த்தேன். மூன்றும் எழுந்து உட்கார்ந்தன. அன்று நான் நடந்த நடையைப் பார்த்து வாட்ச்மேன் குழம்பிப்போய் சல்யூட் அடித்தார்.

ஆயுத பூஜை வந்தது. வரவேற்பில் இருக்கும் அக்கா சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வந்து, சர்வரில் சொருகியிருந்த டிஸ்குக்கும் பொட்டு வைத்தார்.

"நகல் ஏறி முடிஞ்சதும் அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்க்கா."

"பூசையில வச்ச சாமானை எடுத்தா வெளங்குமா தம்பி? காலையில எடுத்துக்கங்க. மூளைன்னு ஒண்ணு இருந்தா அதையும் கழட்டித் தாங்க, ஒரு பொட்டு வச்சிருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெறுங்கையாக வீட்டுக்குப் போனேன்.

அன்று சாயங்கால மழையில் சென்டருக்குப் பின்னாலிருந்த மின்கம்பத்தில் இடி விழுந்தது. காலையில் கதவைத் திறந்தால் கருகல் வாடை. சர்வரும் போச்சு, அதோடு சொருகியிருந்த டிஸ்கும் போச்சு. அழிந்த டிஸ்கிலிருந்து மீட்டுத் தரும் கடை ஒன்றுக்கு, மதுரைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்து பார்த்து, "இதுல பொட்டு மட்டுந்தாங்க மிச்சம்" என்றார். அவரும் நம்ம ஜாதிதான் போல, வாயை அடக்கத் தெரியாதவர்.

அடுத்த வாரம் குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாவுக்குக் கல்லீரலில் கட்டி. மருந்து ஆரம்பிக்கும் முன் எடுத்த படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிட்டால்தான் மருந்து கேட்கிறதா என்று சொல்ல முடியும். பழைய படம் எங்களிடம் மட்டும்தான் இருந்தது. டாக்டர் என்னையே சொல்லச் சொன்னார்.

"பழசு அழிஞ்சிருச்சுங்க. இன்னைக்கு எடுக்கிறதை வச்சுத்தான் இனிமே பாக்கணும்."

"அப்ப இத்தன நாளு அவ வாந்தி எடுத்துக் கெடந்ததுக்கு, கட்டி கொறஞ்சுச்சா கூடுச்சான்னே தெரியாதாங்க?"

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் நான். அன்று "தெரியாதுங்க" என்றேன்.

அந்த அம்மா என் மேசையில் கிடந்த செத்த டிஸ்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொட்டு வச்சிருக்கே, அது என்னங்க?"

"அதுலதாங்க உங்க படம் இருந்துச்சு."

"சாமிக்கு வச்சதா? அப்ப குப்பையில போட்டுறாதீங்க தம்பி."

போடவில்லை. அந்தத் தம்பதி அதற்குப் பிறகு எங்கள் சென்டருக்கு வரவில்லை. இப்போது இரண்டு டிஸ்க், மாற்றி மாற்றி எடுத்துப் போகிறேன். செத்தது மட்டும் மேசையிலேயே இருக்கிறது, குங்குமம் உதிர உதிர.